பத்துக்கு எத்தனை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. சேலை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு, திரைத்துணி என்று எல்லாம் விற்றாலும் கடையைத் தாங்கிப் பிடிப்பது கைலிதான். கட்டம் போட்டது, கோடு போட்டது, கட்டத்துக்குள் கோடு போட்டது. மலாய்க்காரர்கள் பெலிக்காட் என்று கேட்டு வாங்குவார்கள். ஒரு கைலி வாங்க வருகிறவர் இருபதைப் பிரித்துப் போடாமல் போக மாட்டார். பிரித்ததை மடித்து வைப்பது என் வேலை. மடிக்க மடிக்க அந்தக் கோடுகள் அசைய ஆரம்பிக்கும். பிறகு பார்வையின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு வளைவு மினுங்கும். அது வந்துவிட்டால் எனக்கு அரை மணி நேரம்தான் தவணை. அதற்குள் பின்னறைக்குப் போய் விளக்கை அணைத்துப் படுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வாடிக்கையாளர் முன்னாலேயே வாந்தி எடுப்பேன். எடுத்தும் இருக்கிறேன்.

ஒற்றைத் தலைவலி. இருபத்திரண்டு வயதில் வந்தது, ஐம்பது தாண்டியும் போகவில்லை. துணிக்கடைக்காரனுக்குத் துணியே ஆகவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் வைத்தியம் சொன்னார்கள். தலைவலி என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், இந்த நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். ஒருவர் காப்பியை விடச் சொன்னார், அடுத்தவர் காப்பி குடிக்கச் சொன்னார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் தைலத்தைக் கொண்டுவந்து நெற்றியில் தேய்த்தார். அந்த வாடைக்கே எனக்குக் குமட்டியது. அவர் மனம் நோகக் கூடாதே என்று, "இப்ப பரவால்லண்ணே" என்றேன். அவர் போனதும் வாளியைத் தேடி ஓடினேன்.

இந்தப் புத்தி எங்கள் குடும்பத்துக்கே உரியது. யார் நலம் விசாரித்தாலும் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்பதுதான் பதில். வேறு பதில் எனக்குத் தெரியாது. உடம்பைப் பற்றிக் குறை சொல்வது இறைவனுக்கு நன்றிகெட்டத்தனம் என்று வளர்த்தார்கள். வியாபாரமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. எதிரே நிற்பவர் முகம் கோணாமல் பேசுவதுதானே எங்கள் தொழில்? இந்தப் பழக்கத்தால் நான் பட்ட அவமானத்தைச் சொல்வதற்குமுன், எதற்காக வைத்தியத்தைத் தேடிப் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் மூத்த மகளின் நிக்காஹ் நாள். நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் தகப்பன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். நான் அந்த நேரத்தில் மண்டபத்தின் பின்னால், நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த அறையில், முகத்தில் ஈரத் துண்டோடு தரையில் கிடந்தேன். இமாம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் உரிமையை அவருக்கு ஒப்படைத்துக் கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். சுவருக்கு அப்பால் என் மகளை வேறொருவர் மணமுடித்துக் கொடுக்கும் குரல் கேட்டது. சற்று நேரத்தில் அவள் கல்யாண உடையோடு வந்து, "அத்தா" என்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் பூசியிருந்த அத்தர் வாடை என் தலையைப் பிளந்தது. போ என்று கையைக் காட்டினேன். அவள் எழுந்து போனாள். அவள் அதை மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். நான் மறக்கவில்லை.

இளையவளுக்கு வரன் முடிவானபோது நிக்காஹுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அந்தக் கையை நான் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கோலாலம்பூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனேன். அதற்கு முன்பே பல மருந்துகளைச் சாப்பிட்டவன்தான். ஒன்று இரத்த அழுத்தத்துக்காகச் செய்தது, ஒன்று வலிப்புக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு. தலைவலிக்கும் கொஞ்சம் கேட்கிறது என்று எங்களுக்குக் கொடுத்து வந்தார்கள். ஒன்றுகூட என் அளவுக்குத் தைத்ததில்லை, எல்லாம் இரவல் சட்டை. ஒன்றில் கை மரத்தது, ஒன்றில் கடையிலேயே தூங்கி விழுந்தேன். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலைவலிக்கென்றே கண்டுபிடித்த புதிய வகை மருந்துகள் வெளிநாடுகளில் வந்திருப்பதாகவும், அந்த வகையில் இன்னும் ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சி நடப்பதாகவும் சொன்னார். விருப்பமிருந்தால் சேரலாம் என்றார்.

ஆராய்ச்சியின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டது ஒரு தாதி. கோலாலம்பூரிலேயே செந்தூலிலிருந்து வருகிறவர், நாற்பது வயதிருக்கும். நர்ஸைக் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கப்படி மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், என்னைக் கேட்காமலே எழுந்து இரண்டு விளக்குகளில் ஒன்றை அணைத்தார். மெதுவாகப் பேசினார். அறையில் பூ வாடையோ சென்ட் வாடையோ இல்லை. இலேசாக நிறமேற்றிய கண்ணாடி போட்டிருந்தார். தலைவலிக்காரர்களை எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார் என்று அப்போதே மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"தலைவலி கிளம்புறப்ப தலையைச் சுத்தி இருக்கிற நரம்பு ஒரு பொருளை வெளிய விடுதுண்ணே. அதுதான் வலியை ஏத்திவிடுது. இந்த ஊசி போயி அதைப் பிடிச்சுக்கும். பிடிச்சா வலி குறையணும். குறையுதா இல்லையான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி" என்றார்.

"அப்ப இன்னிக்கே போட்டுருங்க மிஸ்ஸி."

"இருங்கண்ணே. முதல் மாசம் ஊசியே கிடையாது. இந்த புக்குல தினமும் எழுதணும். அதுக்கப்புறம் ஆறு மாசம், மாசத்துக்கு ஒரு ஊசி. பாதி பேருக்கு மருந்து, பாதி பேருக்கு வெறும் தண்ணி மாதிரி ஒண்ணு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது, கண்ணைக் கட்டிக்கிட்டு வியாபாரமா? நான் கிள்ளான்லேர்ந்து ட்ரெய்ன் ஏறி வந்து தண்ணி ஊசி போட்டுக்கணுமா?"

அவர் சிரித்தார். "கண்ணைக் கட்டலைன்னா எல்லாரும் மருந்தைத்தான் பாராட்டுவாங்கண்ணே. ஆறு மாசம் முடிஞ்சதும் எல்லாருக்கும் நிஜ மருந்து உண்டு. வேணாம்னா இப்பவே சொல்லிடலாம், யாரும் கோவிக்க மாட்டாங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தேன். எங்கெங்கோ இருக்கிற தலைவலிக்காரர்கள், தமக்குக் கிடைப்பது வெறும் தண்ணீராக இருக்கலாம் என்று தெரிந்தே கையை நீட்டுகிறார்கள். முன்பின் பார்க்காதவர்களுக்கு ஒரு மருந்து கிடைக்கட்டும் என்று வலியோடு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் மரியாதை வந்தது. அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டேன்.

புத்தகம் எளிமையானது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தலைவலி வந்ததா, பத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம், வாந்தி உண்டா, வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள். மாத்திரையும் அவர்களே கொடுத்தார்கள், காலியான அட்டைகளைத் திருப்பித் தரவேண்டும். முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆராய்ச்சியில் சேர அந்தத் தலைவலிக் கணக்குதானே தகுதி!

ஊசி போட்ட பிறகுதான் கதை மாறியது. வாரத்துக்கு ஒரு முறை மிஸ்ஸி போன் செய்வார். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டதும் என் வாய் தானாகவே, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றது. அப்போது கடையின் பின்னறையில் வாளியோடு படுத்திருந்தேன். சொன்ன வாய்க்கு ஏற்றபடி அன்றைய பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன். மறுநாள் எட்டு வலித்தது, மூன்று என்று எழுதினேன். போகப் போக, தலைவலியே இல்லை என்றும் எழுதினேன். அந்தப் பெண் எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார், அவரிடம் போய் உங்கள் ஊசி கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? விருந்து வைத்தவரிடம் உப்பு இல்லை என்று சொல்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தால் என்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்களோ, கடைசியில் கிடைக்கப்போகிற நிஜ மருந்தும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் புத்தகத்தில் பொய் எழுதியவன் மாத்திரை அட்டைகளை மறைக்கவில்லை. கடைக்காரன் புத்தி. வந்த சரக்கு, போன சரக்கு சரியாக இருக்க வேண்டும். காலி அட்டைகள் அத்தனையையும் ரப்பர் போட்டுக் கட்டி, இரண்டாம் மாத முடிவில் மிஸ்ஸியின் மேஜைமேல் பெருமையாக வைத்தேன்.

அவர் அட்டைகளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, இந்த வாரம் தலைவலியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அட்டை ரெண்டு காலியா இருக்கே?"

"அது... வீட்டுக்காரி போட்டா."

"அக்காவுக்கும் தலைவலியா? அடுத்த தடவை கூட்டிட்டு வாங்கண்ணே, டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, "இப்பவே திருத்திடுறேன் மிஸ்ஸி, எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றேன்.

அவர் புத்தகத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாண்ணே. இப்ப யோசிச்சு எழுதினா அதுவும் கதைதான். இது அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கங்களை நம்ப முடியாதுன்னு நான் பக்கத்துல குறிப்பு எழுதி வைப்பேன். டாக்டர்கிட்டயும் சொல்லணும்."

"சொன்னா என்னை எடுத்துருவாங்களா?"

"தெரியலண்ணே. ஆனா சொல்லாம இருக்க முடியாது."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "நாலு நல்ல வார்த்தை சொன்னதுக்குத் தண்டனையா? உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே எழுதினேன்!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் மனசு நல்லா இருக்கணும்னா உங்க எட்டை எட்டுன்னே குடுங்கண்ணே. இந்த ஊசி உங்களுக்குக் கேக்கலைன்னா அது தெரியணும். தெரியாம மருந்து வெளிய போச்சுன்னா, உங்களை மாதிரியே ஒருத்தர் இதை நம்பி மகள் கல்யாணத்துக்குப் போவாரு."

இளையவளின் கல்யாணத்தைப் பற்றி முதல் நாள் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை. நான் பேனாவை மேஜைமேல் வைத்தேன்.

மருத்துவர் உள்ளே மேலதிகாரிகளோடு பேசிவிட்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுவதும் மிஸ்ஸி தன் மதிய உணவுக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நடக்கப்போவது தெரியாதபோது எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற ஆள் அவர் இல்லை. ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொல்லியே பிழைத்த எனக்கு அது புதிதாக இருந்தது. கடைசியில் தொடரலாம் என்று சொன்னார்கள். ஆனால் இனி ஒவ்வொரு பக்கமும் அன்றன்றே, உள்ளபடியே எழுத வேண்டும்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாவ வாயால சொல்லுங்க மச்சான், யாரு வேணாம்னா? தாள்ல உள்ளதை எழுதுங்க. அல்லாவுக்குத் தெரியாததையா எழுதப் போறீங்க?" என்றாள். முப்பது வருடங்களாக வாளி பிடித்தவள். அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு.

அதற்குப் பிறகு எழுதினேன். ஏழு. எட்டு. எட்டு, வாந்தி. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம், கைலி மலைபோல் குவிந்து கிடந்தது, ஒன்பது. ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது யாரையோ முகத்துக்கு நேரே திட்டுவதுபோல் கூச்சமாக இருந்தது. போனில் மிஸ்ஸி கேட்பதையும் மாற்றிக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, "பத்துக்கு எத்தனைண்ணே?" என்றே ஆரம்பிப்பார். ஒன்பது என்று சொன்னால், "ரொம்ப நன்றிண்ணே" என்பார். என் ஒன்பதுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆறு மாதம் முடிந்து எல்லாருக்கும் நிஜ மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. இரண்டாம் மாதம் ஒரு பிற்பகலில், ஒரு மலாய்க் குடும்பம் கடைக்கு வந்து கைலிகளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனது. மடித்து அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமாக அந்தக் கோடுகளை நேராகப் பார்த்திருக்கிறேன். நீலக் கைலியில் நீலத்துக்கு நடுவே மெல்லியதாக ஒரு சிவப்பு இழை ஓடுகிறது. எத்தனையோ வருடமாக விற்கும் சரக்கு, அதில் சிவப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அன்று பக்கத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். பொய் எழுதிப் பிடிபட்டவன் பூஜ்யம் எழுதினால் யார் நம்புவார்கள்? மனைவியைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எனக்கு வலிச்சுதா? நீயே பாரு" என்று சாட்சிக்கு வைத்துக்கொண்டு எழுதினேன். போனில் அதைச் சொன்னபோது மிஸ்ஸி வெகு நேரம் சிரித்தார். "அட்டையும் சரியா இருக்காண்ணே?" என்றார். "முழுசா இருக்கு மிஸ்ஸி, வந்து பாருங்க" என்றேன்.

தலைவலி அடியோடு போய்விடவில்லை. எல்லாருக்கும் இப்படிக் குறைவதுமில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் படுத்தவன், மாதத்தில் மூன்று நாள் படுத்தேன். அதற்கே எனக்கு அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

இளையவளின் நிக்காஹ், கிள்ளானில் ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. என் வீட்டார் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. மணப்பெண் அறைக்குப் பக்கத்து அறையைத் தனியாகக் கேட்டு வாங்கி, ஜன்னலுக்குக் கடையிலிருந்து கறுப்புத் துணி கொண்டுவந்து அடித்து, பாயும் தலையணையும் போட்டு, ஐஸ் பெட்டியும் வாளியும் வைத்திருந்தார்கள். எல்லாம் எனக்காக. காலையில் எழுந்தபோது இடது கண்ணுக்குப் பின்னால் இலேசாக ஒரு பிடிப்பு. புத்தகத்தில் மூன்று என்று எழுதிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். அந்தப் பையனின் கை குளிர்ந்து போயிருந்தது. சொல்ல வேண்டியதைக் கண்ணைத் திறந்துகொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். மூத்தவள் தூண் ஓரமாக நின்று அழுதாள். நான் அவளைப் பார்த்து, வா என்று கையைக் காட்டினேன். அவள் ஓடி வந்து என் தோளில் சாய்ந்தாள். அத்தர் பூசியிருந்தாள். நல்ல அத்தர்.

மிஸ்ஸி செந்தூலிலிருந்து ட்ரெய்ன் ஏறி வந்திருந்தார். நான் கவனித்தபோது பந்தியில் ஒரு மூலையில், வீடியோக்காரனின் விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிரியாணி தொடாமல் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தும் அந்த நிறக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு கை இடது கண்ணுக்கு மேலே போய்ப் போய் வந்தது.

"எப்படி இருக்கீங்க மிஸ்ஸி?" என்றேன்.

"நல்லா இருக்கேண்ணே. கல்யாணம் ரொம்ப நல்லா இருக்கு."

நான் முப்பது வருடமாகச் சொன்ன பொய், அதே குரலில். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பத்துக்கு எத்தனை?"

அவர் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எட்டுண்ணே" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"ஸ்கூல் படிக்கிற காலத்துலேர்ந்து."

"அப்ப அந்த ஊசியை நீங்க..."

"நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சியில நான் சேர முடியாதுண்ணே. அது வெளிய வரட்டும், வந்தா வாங்கிப் போட்டுக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவும்."

அணைத்த விளக்கும், மெதுவான குரலும், பூ வாடை இல்லாத அறையும் அப்போதுதான் எனக்கு விளங்கின. நான் இரண்டு, மூன்று என்று பொய் எழுதிய வாரங்களிலும் இந்தப் பெண் இதே தலையை வைத்துக்கொண்டுதான் எனக்குப் போன் செய்திருக்கிறார். அந்தப் பொய்யால் நஷ்டம் யாருக்கு என்று அன்று மேஜையருகே எனக்குச் சொன்னபோதும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு, மிஸ்ஸியின் கையைப் பிடித்து எழுப்பி, எனக்காகத் தயாராக இருந்த அந்த இருட்டறைக்கு அழைத்துப் போனாள். பாயில் படுக்க வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்து, வாளியைக் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, வீடியோக்காரனிடம் விளக்கை வேறு பக்கம் திருப்பச் சொன்னேன். ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னேன். பிறகு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் உள்ளே போய்விடாதபடி அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன்.